தமிழில் ஈ.ஆர்.பி. சிகிச்சை: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே பச்சைத் தேயிலை எடைபோடும் என் தம்பிக்கு ஓ.சி.டி. (வேண்டாத எண்ணங்கள் விடாமல் எழுந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலக் கோளாறு) இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்து, ஓராண்டாக மாத்திரை கொடுத்துவருகிறார். கை கழுவுவது குறைந்துவிட்டது. ஆனால், எழுதிய எடையை ஏழெட்டு முறை சரிபார்த்த பின்பும், அடுத்த மூட்டைக்கு மனத்தை நகர்த்த முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறான். நினைவாற்றலில் குறையில்லை, தன் நினைவின் மீதுதான் அவனுக்கு நம்பிக்கையில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதே அந்த நம்பிக்கையை மேலும் குறைக்கிறது என்கிறது உளவியல். ஊரார் இதைச் சோம்பல் என்கிறார்கள் (அவனைப்போல் உழைப்பவனை நான் கண்டதில்லை).

சந்தேகம் எழும்போது அதைத் தாங்கிக்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் ஈ.ஆர்.பி. சிகிச்சையைத் தமிழிலேயே அளிக்கும் உளவியலாளர் உதகையிலோ குன்னூரிலோ கோவையிலோ இருந்தால் தெரிவியுங்கள். மழைக்காலத்தில் மலையிறங்குவது சிரமம் என்பதால் காணொளி வழியாக என்றாலும் சரி. ஒரு வேலையை முடித்து மற்றொன்றுக்கு மாற உங்கள் வீட்டில் உதவிய வழிகளையும் எழுதுங்கள்.