மறு: இன்வெஸ்டர் விசாவுக்குத் தமிழ்ச்சொல் – ‘குடியுரிமை’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது கும்பகோணத்தில் எனக்குத் தொழில். வெளிநாட்டில் முதலீடு செய்து அங்கேயே தங்க நினைப்பவர்களின் தாள்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். அதனால்தான், முதலீட்டாளருக்குத் தரும் ‘இன்வெஸ்டர் விசா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: “‘முதலீட்டுக் குடியுரிமை’ என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டதும் புரிகிறது.”

புரிவது தவறாகப் புரிகிறது என்பதுதான் என் வருத்தம். என் பெரியப்பா மகன் வலங்கைமான் பக்கத்து நஞ்சையில் ஒரு பகுதியை விற்றார். துபாயில் வீடு வாங்க முகவர் ஒருவர் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் இதே ‘முதலீட்டுக் குடியுரிமை’தான் அச்சாகியிருந்தது. அமீரகத்தின் கோல்டன் விசா உண்மையில் என்ன? 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து இருந்தால் 10 ஆண்டு தங்கலாம், தகுதி நீடித்தால் புதுப்பிக்கலாம். அந்த நாட்டு பாஸ்போர்ட் அதில் வராது. பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் வந்துவிடும் என்று அண்ணி உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். விஷயம் தெரிந்த அன்று அண்ணன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். “குடியுரிமைன்னுதானே தம்பி போட்டிருக்கு?” என்றார். ஆமாம், அப்படித்தான் போட்டிருந்தது. நான் என்ன பதில் சொல்ல?

மிராசு காலத்து ‘உள்குடி, புறக்குடி’ இணையை ஒருவர் நினைவூட்டியிருந்தார். உள்குடிக்குத் தலைமுறையாக வரும் சாகுபடி உரிமை, வெளியூரிலிருந்து வந்த புறக்குடிக்குத் தவணை உள்ளவரைதான். நிரந்தரம், தற்காலிகம் என்ற வேறுபாட்டை நம் மண் எப்போதோ சொல்லாக்கி வைத்திருந்தது என்பதே பெருமைதான். ஆனாலும் குத்தகை உழவர்கள் பட்ட பாடு அந்தச் சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்த்து இங்கே ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

‘தங்க விசா’வை ஆதரித்தவர்கள் ஒன்றைக் கவனித்தீர்களா? ‘தங்க’ என்பது பொன்னையும் குறிக்கும், தங்குவதையும் குறிக்கும். பேச்சுக்கு இதைவிட அழகான சொல் கிடைக்காது, அப்படியே புழங்கட்டும். ஆனால் ஒப்பந்தத்திலும் சட்டக் குறிப்பிலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று வருவதைக் காட்டி ‘உறைவுரிமை’ கேட்டவருக்கு: காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய அயல்நாட்டாரைப் பாடும் அடி என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று ‘உறை’ என்றால் தலையணை உறையும், பாலுக்கு உறை ஊற்றுவதும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு ‘வதிவுரிமை’. இது புதுச்சொல்லே இல்லை. ‘வதிவிட விசா’ என்று இலங்கைத் தமிழர் நெடுநாளாக எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் ‘நிரந்தரவாசி’ என்பார்கள். அது ஆளைக் குறிக்கும், நமக்கு வேண்டியது உரிமையைக் குறிக்கும் சொல். சோழர் கல்வெட்டுகளில் நில எல்லை சொல்லும்போது ‘வதி’ வருமே என்றால், அது வாய்க்காலையோ வழியையோ குறிக்கும் பெயர்ச்சொல், இது ‘வசி’ என்ற பொருளில் வரும் வினை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதப்போவதில்லை.

படி இப்படி ஏறும்: உள்ளே விட நுழைவிசைவு, கெடு வைத்துத் தங்கத் தங்குரிமை, நிலையாக இருக்க வதிவுரிமை, கடைசியில் குடியுரிமை. அமீரகம் தருவது முதலீட்டுத் தங்குரிமை. அமெரிக்காவின் முதலீட்டாளர் விசாவான இ.பி.-5 வேறு. 2022-இல் திருத்திய சட்டப்படி, வேலைவாய்ப்பு குறைந்த பகுதியிலோ கிராமப்புறத்திலோ 8 லட்சம் டாலர், மற்ற இடங்களில் 10.5 லட்சம் டாலர் போட வேண்டும், 10 பேருக்கு முழுநேர வேலை உருவாக வேண்டும். முதலில் 2 ஆண்டுக்குத்தான் கிரீன் கார்டு. அப்புறம் நிபந்தனை நீக்க இன்னொரு மனு. ஆகவே அது ‘நிபந்தனை வதிவுரிமை’. நம் நாட்டிலும் அயல்நாட்டு முதலீட்டாளருக்கு 2016-இல் ஒரு திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 18 மாதத்தில் 10 கோடி அல்லது 36 மாதத்தில் 25 கோடி ரூபாய், ஆண்டுக்கு 20 இந்தியருக்காவது வேலை. கிடைப்பது 10 ஆண்டுத் தங்குரிமை. அங்கும் குடியுரிமை என்ற பேச்சு இல்லை.

இன்னொரு சொல்லும் உடனே தேவைப்படுகிறது. மனுவோடு பணம் நேர்வழியில் வந்தது என்று காட்டச் சொல்வார்கள். டெல்டாக்காரருக்கு அதிகச் சிக்கல் இங்கேதான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பலர் வருமான வரிக் கணக்கே காட்டியிருக்க மாட்டார்கள். நிலம் விற்ற விலை ஒன்று, பத்திரத்தில் எழுதியது வழிகாட்டி மதிப்பை ஒட்டி வேறொன்று. இடையில் உள்ள தொகைக்குத் தாள் ஏது? பாகப்பிரிவினைப் பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று என்று எல்லாவற்றையும் கோத்துத்தான் வழக்கறிஞர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் முன்பணம் கட்டும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். அமெரிக்க மனு என்றால் முகவர் உங்கள் சார்பில் நிற்கவே முடியாது.

இந்தச் சான்றை ‘நிதி ஆதாரச் சான்று’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தவர்கள், வங்கியில் இருப்புத் தொகை காட்டினால் போதும் என்று எண்ணிவிட்டார்கள். போன மாதம் திருவிடைமருதூரிலிருந்து வந்த பெரியவரிடம், “நிலத்துக்கு மூலப்பத்திரம் கேட்கிற மாதிரி பணத்துக்கும் கேட்கிறார்கள் ஐயா” என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். மறுநாளே 1960-களின் பத்திரம் வரை பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

ஆகவே ‘பணமூலச் சான்று’ என்று வைக்கலாமா? சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் புழங்குகிறவர்கள், பத்திர எழுத்தர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் காதுக்கு அது சரியாகப் படுகிறதா என்று தெரிந்த பிறகே சொற்பட்டியலில் சேர்க்க நினைக்கிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து