லைஃப்போட் ஹூக் முழுசாக ரீசெட் ஆகவில்லையோ? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சரக்குக் கப்பலில் தேர்ட் ஆபீசராக இருக்கிறேன். லைஃப்போட் வாரச் சோதனை என் பொறுப்பு.

என்ஜின் முதல் தடவையிலேயே கிளம்பியது, 3 நிமிடம் ஓட்டினேன், குறையில்லை. சிக்கல் பின்பக்க ஹூக்கில் (படகை இறக்கி ஏற்றும் கம்பியோடு பிடித்திருக்கும் கொக்கி). போன வாரம் டிரில்லில் படகைத் தண்ணீரில் இறக்கி ஏற்றினோம். அப்புறம் ரிலீஸ் கைப்பிடி பூட்டு நிலைக்கு வந்துவிட்டது. சேஃப்டி பின்னைத்தான் தட்டி உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. ஹூக்கில் உள்ள குறியும் கோட்டிலிருந்து ஒரு நூல் விலகி நிற்கிறது. முன்பக்க ஹூக்கில் கச்சிதமாகச் சேர்கிறது.

"கிரீஸ் போடு, சரியாகிவிடும்" என்கிறார் சீஃப் ஆபீசர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அரைகுறையாகப் பூட்டிய ஹூக் ஆட்களோடு படகைக் கீழே விட்டுவிடுமே! இப்போதைக்கு ஹேங்கிங் ஆஃப் பெண்டன்ட் (ஹூக்கை நம்பாமல் படகைத் தாங்கும் தனி வயர்) மாட்டி, யாரையும் உள்ளே ஏறவிடாமல் வைத்திருக்கிறேன்.

இது கைப்பிடியை ஹூக்கோடு இணைக்கும் கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட் பிரச்சினையா, ஹூக்கைப் பூட்டும் கேம் என்ற பாகத்தின் தேய்மானமா? கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? 2020 முதல் அமலில் உள்ள எம்எஸ்சி 402 தீர்மானப்படி (ஐஎம்ஓ எனும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பாதுகாப்புக் குழு போட்டது) ரிப்பேருக்குச் சான்றிதழ் பெற்றவர்தான் வர வேண்டும். அவருக்கு முன்கூட்டியே என்னென்ன அளவு, எந்தக் கோணத்தில் போட்டோ அனுப்பினால் சரியான பாகத்தோடு வருவார்?