ரெயில் தளத்துக்கு ஊற்றிய எபாக்சி: ஓரம் தூக்கி நிற்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை

மரத்தூள்:
வீட்டில் கட்டும் சிஎன்சி ரூட்டருக்கு (கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரம்) உதவி தேவை. ஃபிரேம் 100×50×5 மிமீ பாக்ஸ் டியூபில் வெல்டிங் செய்தது. 50 மிமீ முகம் மேலே. எச்ஜிஆர்20 ரெயில் (20 மிமீ அகல வழிகாட்டி ரெயில்), 1200 மிமீ நீளம். இரண்டு ரெயிலுக்கும் மையத்துக்கு மையம் 800 மிமீ. ரெயில் உட்காரத் தானாக மட்டம் பிடிக்கும் தளம் வேண்டி, ஃபோம் டேப்பால் 32 மிமீ அகலத்துக்கு வரப்பு கட்டி, 4 மிமீ தடிப்புக்கு எபாக்சி ஊற்றியிருக்கிறேன். ஃபைபர் கடையில் கிடைக்கும் லேமினேஷன் ரெசின், எடையில் 100க்கு 10 ஹார்டனர். ஒரு முனையில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் 25 மிமீ அகல பிரிட்ஜ் (கால்வாய்), ஆழம் 2 மிமீ. இடது பக்கம் மட்டும் ஊற்றி, பிரிட்ஜ் வழியாக வலது பக்கம் நிரம்ப விட்டேன்.

கெட்டியான பிறகு:
1. டயல் கேஜைக் குறுக்கே ஓட்டினால், ரெயிலின் விளிம்பு உட்காரும் இடம் நடுவைவிட 0.10 மிமீ உயரம். ரெயில் ஆடுகிறது.
2. ஒரு கோட்டுக்கு 0.02 மிமீ/மீ காட்டும் லெவலைக் குறுக்கே ஸ்ட்ரெயிட் எட்ஜ் மேல் வைத்தால் இடது பக்கம் 5 கோடு உயரம்.
3. மேலே எண்ணெய்ப் பிசுக்கு.

மேலேயே இன்னொரு கோட் ஊற்றினால் சரியாகுமா?

டயல்கேஜ்:
முதல் சிக்கல் மெனிஸ்கஸ். எபாக்சி வரப்பை நனைத்துக்கொண்டு சுவரோரம் சுமார் 2 மிமீ ஏறும். அந்த ஏற்றம், சுவரிலிருந்து விலகும் ஒவ்வொரு 2 மிமீக்கும் ஏறக்குறைய 0.37 மடங்காகக் குறையும். உங்கள் ரெயில் விளிம்புக்கும் வரப்புக்கும் இடைவெளி 6 மிமீதான். அங்கே மிச்சம் இருப்பது 2-ல் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.10 மிமீ. நீங்கள் அளந்ததும் அதுவே. 12 மிமீ தள்ளினால் 0.005, 15 மிமீ தள்ளினால் 0.001 மிமீக்கு வந்துவிடும். எந்த ரெசின் வாங்கினாலும் இது இருக்கும். அகலம் ஒன்றே தீர்வு.

அதனால் வரப்பை டியூபின் மேல் கட்டாதீர்கள், பக்கவாட்டில் கட்டுங்கள். அலுமினிய ஆங்கிளில் பிரவுன் பேக்கிங் டேப் ஒட்டி, டியூபின் இரு பக்கமும் கிளாம்ப் போட்டால் 50 மிமீ முழுவதும் கிடைக்கும். டேப்பில் எபாக்சி ஒட்டாது, வரப்பு சுலபமாகக் கழன்று வரும். டியூபின் மூலை வளைவில் கசியும். பியூட்டைல் டேப் வைத்து அடையுங்கள். சிலிக்கான் வேண்டாம். அதன் பிசுக்கு பட்ட இடத்தில் எபாக்சி விலகிக் குழி விழும்.

வெல்டிங்_குடில்:
இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் ரெசினும் பிரிட்ஜும் சேர்ந்தது. லேமினேஷனுக்கு நம்மூரில் அதிகம் விற்கும் எல்ஒய்556 வகை 25 டிகிரியில் 10,000 முதல் 12,000 சென்டிபாய்ஸ் பாகுத்தன்மை (எண் கூடினால் ஓட்டம் குறையும்). ஃபைபர் துணியை நனைக்க அருமையான சரக்கு, தானாக மட்டம் பிடிக்கும் வேலைக்கு இல்லை. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுடன் 209 ஹார்டனர் கலந்தால் ஆயிரத்துக்குக் கீழே நிற்கும். 22 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் வேலை செய்யவும் நேரம் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால், கலந்த பிறகு ஆயிரத்துக்குக் கீழே, பாட் லைஃப் (கலந்தது கெட்டியாகும் வரை உள்ள நேரம்) 40 நிமிடத்துக்கு மேல் என்று டேட்டா ஷீட்டில் பார்த்து வாங்குங்கள். தின்னர் ஊற்றி இளக்க வேண்டாம். அது ஆவியாகும்போது தளம் சுருங்கும்.

ஓட்டம் ஆழத்தின் மும்மடியைப் பொறுத்தது. 2 மிமீ பிரிட்ஜில் போகும் ஓட்டம் 6 மிமீ பிரிட்ஜில் போவதில் இருபத்தேழில் ஒரு பங்கு. மட்டம் ஒன்றாவதற்குள் ரெசின் ஜெல் ஆகிவிட்டது. இரண்டு முனையிலும் பிரிட்ஜ் வையுங்கள், 50 மிமீ அகலம், அடித்தளம் டியூப் மேல்முகத்துக்குச் சமம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள், பிரிட்ஜ் மிச்ச வித்தியாசத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

மரத்தூள்:
நன்றி அண்ணா. அப்படியானால் பழைய கோட் மேலேயே ஊற்றலாமா? பிசுக்குக்கு என்ன செய்ய?

டயல்கேஜ்:
ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுக்கு போய், கீழே நகம் பதியாமல் இருந்தால் அது அமீன் பிளஷ், ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மேலே படிவது. மழை ஈரத்தில் வரும். துடைத்தும் ஒட்டினால் அளவு தவறு அல்லது கலவை போதவில்லை. எதுவானாலும் பழையதை எடுத்துவிடச் சொல்வேன். நடுவில் 32 மிமீக்குப் பழைய கோட், ஓரத்தில் வெறும் இரும்பு என்றால் புது கோட்டின் தடிப்பு மாறும், சுருக்கமும் மாறும். ஜெல் ஆன பின் சுருக்கம் 1 சதவீதம் என்று வைத்தாலே, 4 மிமீ தடிப்பு வித்தியாசம் 0.04 மிமீ பள்ளம். ஹீட் கன்னால் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ரப்பர் மாதிரி இளகும், பட்டித் தகட்டால் சீவலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள்.

பிறகு இரும்பை 80 எமரியில் பளிச்சென்று தேய்த்து, ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து, அன்றே ஊற்றுங்கள். ஃபிரேம் எந்தக் காலில் நிற்கப்போகிறதோ அதே காலில் நிற்கட்டும். ஊற்றும் முன்பே நீளத்துக்கும் குறுக்குக்கும் 0.5 மிமீக்குள் மட்டம் வையுங்கள், தடிப்பு எங்கும் ஒன்றாக இருக்கும்.

அளவு, இம்முறை 6 மிமீ தடிப்புக்கு: இரண்டு தளமும் 1200×50×6, அது 720 மில்லி. இரண்டு பிரிட்ஜ் 750×50×6, 450 மில்லி. பத்து சதவீதம் கூட்டினால் சுமார் 1.3 லிட்டர். 105/209க்கு 3க்கு 1 என்பது கன அளவில்; எடை போட்டால் விகிதம் வேறு, லேபிளைப் பாருங்கள்.

கலந்ததை வேறு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் வாளியின் சுவரைச் சுரண்டி ஊற்றாதீர்கள். கலக்காத ரெசின் அங்கேதான் ஒட்டியிருக்கும். வாளியில் வைத்திருந்தால் சூடேறி நேரம் பறிபோகும், உடனே ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் நல்லது: இரும்பு ஆறும் நேரத்தில் குமிழி குறையும். மேலே தெரியும் குமிழிகளை ஹீட் கன்னால் ஒருமுறை தடவினால் போதும். ஃபேன் அணைத்து, தொடாமல் பிளாஸ்டிக் கூடாரம் போடுங்கள்.

வெல்டிங்_குடில்:
ஒரு வாரம் விட்டுத்தான் ரெயில் பூட்ட வேண்டும். பிரிட்ஜை ஹேக்ஸாவால் அறுத்து எடுங்கள், உளி வைத்துத் தட்டினால் தளத்தோடு பெயரும்.

மரத்தூள்:
போல்ட் எபாக்சியை அழுத்திக் காலப்போக்கில் தளராதா?

வெல்டிங்_குடில்:
மரை இரும்பில் மட்டும் பிடிக்க வேண்டும். 4.2 மிமீ டிரில், பிறகு எம்5 மரை வெட்டும் டேப். எபாக்சி பகுதியை மட்டும் 6 மிமீக்குப் பெரிதாக்குங்கள். எபாக்சியிலும் மரை இருந்தால் போல்ட் அதை மேலே இழுத்துத் துளையைச் சுற்றி மேடாக்கும். ரெயில் துளையில் 9 மிமீ, எபாக்சியில் 6 மிமீ, டியூப் சுவர் 5 மிமீ: எம்5×25 ஆலன் போல்ட் போடுங்கள், 20 போட்டால் சுவரைத் தாண்டி வராது.

எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து பூட்டும் ஸ்பேனர்) 5 நியூட்டன் மீட்டர். 60 மிமீக்கு ஒரு போல்ட் என்ற கணக்கில் எபாக்சி சுமார் 0.008 மிமீ அமுங்கும். எங்கும் சமமாக அமுங்கினால் பாதிப்பில்லை. கை அளவில் முறுக்கினால் அந்த 0.008 ஒவ்வொரு போல்ட்டிலும் மாறும். நடுவிலிருந்து இரு முனைக்கும் போங்கள், 2, 4, 5 என்று மூன்று சுற்று. மறுநாள் ஒருமுறை அதே 5-ல் சரிபாருங்கள்.