குவைனுக்குத் தமிழ்ச்சொல்: தற்பதிப்பியா, மடக்கு நிரலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் 'குவைன்' இன்னும் மொழிபெயர்ப்பின்றிக் கிடக்கிறது. உள்ளீடு எதுவும் வாங்காமல், தன் மூலநிரலையே ஓர் எழுத்தும் பிசகாமல் வெளியிடும் நிரல் இது. தருக்கவியலாளர் வில்லார்டு குவைன் பெயரை இதற்கு இட்டவர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர், 1979இல். ஆட்பெயர்தானே என்று ஒலிபெயர்த்து விட்டுவிடலாம். ஆனால் நிரலைக் கவிதையாகப் பார்ப்பவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். நல்ல சொல் வேண்டும்.

என் பரிந்துரை: தற்பதிப்பி. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் எழில் மொழியில் அச்சிடும் கட்டளையே 'பதிப்பி' என்பதால் கூடுதல் பொருத்தம்.

– தரமணி

*

ஐயா, சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது, வரையறைக்குத்தான் போதவில்லை. தன் கோப்பையே திறந்து படித்து அச்சிடும் நிரலும் தற்பதிப்பிதானே? அதை யாரும் குவைனாக ஏற்பதில்லை. வெற்றுக்கோப்பும் அப்படியே: எதுவும் இல்லாதது எதையும் அச்சிடாது! வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய சி மொழி நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டியில் 1994இல் சுழியம் பைட் கோப்பு ஒன்று, விதிகளை மிக மோசமாக வளைத்ததற்கென்றே பரிசு வாங்கியது.

இதன் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். புதிதாக எழுதுபவர் அச்சிடும் கட்டளைக்குள் அதே கட்டளையைச் சரமாக, அதாவது மேற்கோளுக்குள் அடைத்த எழுத்துத்தொடராக, வைப்பார், அதற்குள் மறுபடி வைக்க வேண்டிவரும், முடிவே இராது. வழி இது:

அடுத்து வருவதை முதலில் அப்படியே, பிறகு மேற்கோளுக்குள் எழுது: "அடுத்து வருவதை முதலில் அப்படியே, பிறகு மேற்கோளுக்குள் எழுது:"

சொன்னபடி செய்து பாருங்கள், இதே வரிதான் வரும். ஒரே தொடர் முதல் இடத்தில் கட்டளை, இரண்டாம் இடத்தில் தரவு. எழுத்துக் கூட்டம் மாறாமல் திரும்ப வந்து வேறு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் மடக்கு அணி என்கிறது. 'வந்ததென்றல்' என்பதை ஒருமுறை வந்த தென்றல் என்றும், மறுமுறை வந்தது என்றல் என்றும் பிரிப்பதுபோல. ஆகவே 'மடக்கு நிரல்'. கோப்பைப் படித்து ஏமாற்றுவது இந்தப் பெயருக்குள் நுழையவே முடியாது.

– மயிலாப்பூர்

*

விளக்கம் அருமை, சொல் ஆபத்து. பள்ளிக் கணினிப் பாடநூல்களில் லூப் என்பதற்கு மடக்கு என்றே பழகிவிட்டார்கள். 'மடக்கு நிரல்' என்றால் சுற்றிச் சுற்றி ஓடும் நிரல் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். போதாததற்குக் கணக்கில் மடக்கை (லாகரிதம்) வேறு இருக்கிறது. அதே அணிக்கு யமகம் என்றும் பெயர் உண்டே. 'யமக நிரல்' என்றால் எதனோடும் மோதாது.

– அம்பத்தூர்

*

பெயர் எதுவானாலும், பதிவில் சோதிக்கும் முறையும் இருக்கட்டும். கண்ணால் ஒப்பிட்டால் போதாது. வெளியீட்டை இன்னொரு கோப்பில் சேமித்து, மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் இடறுவது கடைசி வரிமுறிவில்: அச்சிடும் கட்டளை தானாக ஒன்று சேர்க்கும், மூலத்தில் அது இராது. அடுத்தது மேற்கோள் குறி. சரத்துக்குள் அதை எழுதப் பின்சாய்கோடு வேண்டும், அந்தச் சாய்கோட்டை எழுத இன்னொன்று வேண்டும். சரத்துக்குள் குறியையே எழுதாமல், 34 என்ற குறியெண்ணைக் கொண்டு அச்சிட்டால் தொல்லை விட்டது, வரிமுறிவுக்கு 10.

தமிழில் எழுதினால் இன்னொரு வம்பு. 'கொ' என்பதை யூனிகோடில் க, ஒகரக்குறி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். க, எகரக்குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. யுடிஎஃப்-8இல் முன்னது 6 பைட், பின்னது 9. எழுதும் செயலி ஏதாவது இடையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டால், நிரல் சரியாக இருந்தும் ஒப்பீடு தோற்கும்.

– பெருங்குடி

*

யமகத்துக்கு என் வாக்கும் சேரட்டும். வடசொல் என்று முணுமுணுப்பு எழும். யமக அந்தாதி பாடியவர்கள் அதைப் பார்க்கவில்லை.

அந்தாதி என்றதும் நினைவு வருகிறது: ஒரு மொழி நிரல் அடுத்த மொழி நிரலை அச்சிட, அது அடுத்ததை அச்சிட, கடைசியில் முதல் நிரலே திரும்பி வரும் வகை ஒன்று உண்டு. யூசுகே எண்டோ ரூபியில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைச் சுற்றி வரும்படி எழுதியிருக்கிறார். தொடங்கிய இடத்துக்கே மண்டலித்து முடிவதால் 'அந்தாதி நிரல்' என்போம். ஒரே கோப்பு இரு மொழிகளிலும் ஓடினால் 'சிலேடை நிரல்'.

தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தளமான சொற்குவைக்கு அனுப்பும் முன் மயிலாப்பூர் ஐயாவின் ஒப்புதல் தேவை.

– தரமணி

*

'மடக்கு' என்பதைக் கைவிட மனமில்லை, ஆனாலும் பாடநூலோடு மல்லுக்கு நிற்க முடியாது. 'யமக நிரல்' என்றே அனுப்புங்கள். 'குவைன்' இணைச்சொல்லாக இருக்கட்டும், தேடுபவர் அதைத்தான் தட்டுவார். சிலேடை நிரலுக்கு மட்டும் தனி இழை தொடங்குங்கள். 'இரட்டுற நிரல்' என்று ஒரு வழக்கு என்னிடம் இருக்கிறது.

– மயிலாப்பூர்