கம்பஸ் பிள்ளையின் கழுத்தை நெரித்திருக்கிறான்: முதலில் எங்கே கூட்டிப்போவது?

கடற்கரைவீதி:
நிலாவெளி ரோட்டில் ஒரு போர்டிங்கில் நாலு பேர் இருக்கிறோம். அதில் கடைசித் தங்கச்சி இரண்டாம் வருடம். கம்பஸில் ஒரு சீனியர் பெடியனோடு ஒரு வருடமாகப் பழக்கம். முதலில் போன் பாஸ்வேர்ட் கேட்டான், பிறகு யாரோடு பேசினாய் என்று ஒவ்வொரு இரவும் விசாரணை, பிறகு கன்னத்தில் அடி. சனிக்கிழமையிலிருந்து இந்த வெக்கையிலும் அவள் சால்வையைக் கழற்றுவதில்லை. நேற்றுத் தேத்தண்ணி குடிக்கும்போது ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடினாள், கேட்டதற்கு "கழுத்தைப் பிடிச்சவர் அக்கா" என்றாள், அவ்வளவுதான். யாருக்கும் சொல்லக்கூடாதாம். எனக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், மற்றப் பிள்ளைகள் முதலில் அம்மா அப்பாவுக்குச் சொல்லுவோம் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கோ.

நிலாவெளிஅண்ணா:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம், ஊரை யோசித்துத்தான் சொல்கிறேன். திருகோணமலை சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டில் இருந்து உவர்மலை ஏறுவதற்குள் தெரிந்த முகம் பத்து வரும். பொலிஸ், ஆஸ்பத்திரி என்று போனால் அவள் வீட்டுக்குப் போக முதல் கதை போய்விடும். எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை வழக்குப் போட்டு, பரீட்சை நேரமெல்லாம் கோட்டுக்கு அலைந்து, கடைசியில் படிப்பையே விட்டாள். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அவளுடைய மாமாவோ பெரியப்பாவோ இரண்டு பேர் போய் அவன் தகப்பனோடு பேசட்டும். அவன் விலகினால் சரி.

வார்ட்தாதி:
மாமா, பெரியப்பா எல்லாம் பிறகு. விழுங்க நோகிறது என்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்தை நெரித்தால் வெளியே ஒரு தழும்பும் இல்லாமல் உள்ளே வீங்கும், அது உடனே தெரியாது, மணிக்கணக்கு கழித்தும் நாள் கழித்தும் வரும். குரல் கரகரத்தால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால், கண்ணில் இரத்தப் புள்ளி தெரிந்தால் இரவு இரண்டு மணியானாலும் வெளிக்கிடுங்கோ. கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை அதைவிடக் கூடத்தான் செய்வான், இதை நான் வார்டில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, அவளைத் தனியே வைத்து மெதுவாகக் கேளுங்கோ, அடி மட்டும்தானா என்று. விருப்பமில்லாமல் வேறு ஏதும் நடந்திருந்தால் அவசரக் கர்ப்பத் தடுப்பு மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணித்தியாலக் கணக்கு இருக்கிறது, முந்தினால் நல்லது. அன்று போட்ட உடுப்பைத் தோய்க்க வேண்டாம், பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் பிடித்துப் பழுதாகும், கடதாசிப் பையில் வையுங்கோ. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் இப்படியான பிள்ளைகளுக்கென்றே 'நட்பு நிலையம்' என்று ஒரு இடம் இருக்கும், சிங்களத்தில் 'மித்துரு பியச' என்பார்கள். கேட்டால் காட்டுவார்கள்.

நிலாவெளிஅண்ணா:
ஆஸ்பத்திரிக்குள்ளேயே பொலிஸ் இருக்குமே மிஸ். அங்கே போனால் அது பொலிஸுக்குப் போன மாதிரித்தான்.

வார்ட்தாதி:
பொலிஸ் காவலரண் இருக்கும், உண்மை. ஆனால் மருந்து எடுக்க முறைப்பாடு தேவையில்லை. சட்ட வைத்திய அதிகாரியின் (கோட்டுக்காகக் காயத்தைப் பரிசோதிக்கும் வைத்தியர்) அறிக்கை வேண்டும் என்றால்தான் பொலிஸ் படிவம் வேண்டும், அந்தப் பரிசோதனையும் அவள் சம்மதித்தால்தான். வைத்தியர் காயத்தைப் பார்த்து அவளுடைய பதிவில் எழுதி வைப்பார். நாளைக்கோ அடுத்த மாதமோ அவள் மனம் மாறினால் அந்த எழுத்துத்தான் கை கொடுக்கும்.

கிண்ணியாமகன்:
இரண்டு பக்கமும் கேட்க வேண்டாமா? அவளாகத்தானே ஒரு வருடம் அவனோடு திரிந்தாள்.

சட்டம்படிப்பவள்:
திரிந்தால் கழுத்தை நெரிக்கலாமா, தம்பி? காதலித்தாள் என்பதும், அவன் அறைக்குப் போனாள் என்பதும் சம்மதம் ஆகாது. சம்மதமில்லாமல் நடந்தால் தண்டனைச் சட்டக்கோவை 363 ஆம் பிரிவில் அது வல்லுறவு, பாலியல் தொந்தரவுக்கு 345 தனியாக இருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு விஷயம். 'பாதுகாப்புக் கட்டளை எடு' என்று பலர் எழுதுவார்கள். அவன் கிட்ட வரக்கூடாது என்று கோடு போடும் உத்தரவு அது, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எடுப்பது. கணவன், முன்னாள் கணவன், கூடி வாழ்கிறவர், வீட்டு உறவினர் என்றுதான் அதில் இருக்கிறது, தனித்தனியாக வாழும் காதலன் அதற்குள் வரமாட்டான். அதை நம்பிக் கோட்டுப் படியேறி ஏமாற வேண்டாம். இவளுக்கு வழி காயப்படுத்தியது, பயமுறுத்தியது என்று பொலிஸ் முறைப்பாடுதான். சாட்சியையும் பாதிக்கப்பட்டவரையும் மிரட்டுவதே 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். பாலியல் குற்றமாக இருந்தால் அவள் யார் என்று தெரியும்படி வெளியிடுவதைத் தண்டனைச் சட்டமே தடுக்கிறது. ஊர்க்கதையை அது நிறுத்தாது, அண்ணா சொல்லும் அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. பேச ஆள் வேண்டுமென்றால் 1938, மகளிர் உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

மூதூர்ப்பிள்ளை:
இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணா சொல்லும் வழியில் போனவள் நான். எங்கள் வீட்டு விறாந்தையில் அஞ்சு கதிரை போட்டார்கள். அவன் தகப்பனோடு வந்து அழுதான், எல்லோருக்கும் சோடா கொடுத்தது நான்தான். எனக்கு என்ன வேண்டும் என்று அந்த அஞ்சு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் திரும்ப வந்து நின்றான், அப்போது பெரியவர்கள் சொன்னது, "அவன் அழுதவன்தானே பிள்ளை".

அதற்காகப் பொலிஸ் சுகம் என்று சொல்ல மாட்டேன். முதல் கேள்வியே "ஏன் அங்கே போனீர்" என்பதுதான். தனியே போகக்கூடாது, ஒரு ஆள் கூடப் போக வேண்டும். பொலிஸின் சிறுவர் பெண்கள் பணியகத்தில் பெண் உத்தியோகத்தர் வேண்டும் என்று கேட்டு நில்லுங்கோ. எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கோ. போக முதலே திகதி போட்டு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதட்டும், எனக்குப் பாதித் திகதி மறந்துபோனது. அவனுடைய மெசேஜை அழிக்க வேண்டாம், படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பி வைக்கட்டும்.

நிலாவெளிஅண்ணா:
மூதூர்த் தங்கச்சி, நீங்கள் சொன்னதை மூன்று தரம் வாசித்தேன். ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், அதில் நான் சொன்னது பிழை. முறைப்பாடு பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை, அந்த அலைச்சலைப் பார்த்தவன் நான். ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியது மாமாவும் இல்லை, நானும் இல்லை.

சட்டம்படிப்பவள்:
கம்பஸுக்குள் நடந்ததென்றால் மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கொடுங்கோ, வாயால் சொன்னது காற்றில் போகும். பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கோ.

கடற்கரைவீதி:
எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கு மட்டும் போவோம், பொலிஸ் கதை நீ சொன்னால்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வைத்தியர் பொம்பிளையா இருப்பாவா அக்கா" என்று கேட்டாள். கேட்டுப் பார்ப்போம் என்றேன். இப்போது சால்வையைக் கழற்றிவிட்டு முகம் கழுவுகிறாள், ஓட்டோ வாசலில் நிற்கிறது.