பாதையைப் பார்த்துக்கொள்கிறவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

நெடுந்தூர நடைப்பாதைகளில் போய்வந்தால் மலையைப் பற்றியும் காட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தப் பாதையை ஆண்டு முழுக்கக் காப்பாற்றுகிறவர்களைச் சந்தித்திருந்தால் அதையும் எழுதுங்களேன். முதலில் நான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் என்ற மலைப்பாதையில், வர்ஜீனியா பக்கம். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்திருந்த கட்டையின் ஓரத்தில் மண்வெட்டியால் சருகை வாரிக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடத்தான் அந்தக் கட்டையாம். சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பாதையோடேயே ஓடி, கொஞ்ச நாளில் பாதை ஓடையாகிவிடும் என்றார். அப்புறம் ஒரு மரத்தில் மங்கிப்போன வெள்ளைக் குறியைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். 2 அங்குல அகலம், 6 அங்குல உயரம். கோணாமல், வழியாமல், அவ்வளவு நிதானமாக.

அவர் உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் தன்னார்வலர். பென்டன் மக்காய் என்ற வனவியலாளர் 1921-இல் முன்மொழிந்த பாதை இது. 1925-இல் அதற்கென ஓர் அமைப்பு உருவாகி, 1937-இல் முழு வழியும் இணைந்தது. 14 மாநிலங்களைக் கடக்கும் ஏறக்குறைய 3,500 கி.மீ.யை இன்றும் சுமார் 30 சங்கங்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பார்த்துக்கொள்கின்றன. 1968-இல் வந்த சட்டம் பாதைக்குத் தேசிய அந்தஸ்து கொடுத்தது உண்மைதான். ஆனால் சட்டம் வந்து சருகு வாராதே!

*

என் அனுபவம் ஸ்பெயினில், சந்தியாகோ நகருக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில். ஒரு தங்குமிடத்தில், யாத்திரிகர்கள் கையில் வைத்திருக்கும் முத்திரை ஏட்டில் எங்களுக்கு முத்திரை குத்தி, படுக்கை காட்டி, மறுநாள் காலை கழிவறை வரை கழுவியவர் சம்பளமில்லாத தன்னார்வலர். தானே அந்தப் பாதையை நடந்து முடித்து, பயிற்சியும் பெற்று, இரண்டு வாரம் சேவை செய்ய வந்தவர். என் கால் கொப்புளத்தைப் பார்த்ததும் கேட்காமலே ஊசியும் மருந்தும் எடுத்துவந்தார்.

அந்தப் பாதையின் மஞ்சள் அம்புக்குறிகளை 1984-இல் பூசத் தொடங்கியவர் எலியாஸ் வலின்யா என்ற பங்குத் தந்தை. ஊர் ஊராக யாத்திரிகர் சங்கங்கள் உருவாகவும் அவரே தூண்டுகோல். குறைந்தது 100 கி.மீ. நடந்தால் சான்றிதழ் என்ற விதியும் முத்திரை ஏடும் ஆளை இழுக்கின்றன, சரி. வருகிறவர்களுக்கு இரவில் கதவு திறந்துவிட ஆள் வேண்டுமே. அந்த ஆளைத் தயார்செய்து அனுப்புவதைத்தான் சங்கங்களின் பெரிய வேலையாக நான் பார்க்கிறேன்.

*

இங்கிலாந்தின் பென்னைன் வே என்ற நடைப்பாதை பற்றிச் சுருக்கமாக. 1965-இல் திறந்து பேர் வாங்கியதும் கூட்டம் கூடி, மேட்டுச் சதுப்பு நிலம் காலடி பட்டே சேறாகக் கரைந்தது. பழைய பஞ்சாலைகளின் தளக் கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பாவினார்கள். இயற்கை அழகு போச்சு என்று உடன் நடந்த ஒருவர் குறைபட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கற்களின் இருபுறமும் பஞ்சுப்புல் மறுபடி முளைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பாதையை விளம்பரம் செய்கிற அமைப்புகள் கல் பாவுவதற்கும் சேர்த்தே நிதி திரட்ட வேண்டும்.