மறு: 'ஆட்டுக்கறிப் பேட்டி'க்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கமுங்க. கொத்துக்கறியைத் தட்டையாகத் தட்டிக் கல்லில் சுடும் 'பேட்டி'க்கு (patty) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் பெருந்துறை அண்ணன் எழுதியது இது:

> கறி வடைன்னே போட்டுரலாமுங்க. ஊர்ல எல்லாருக்கும் புரியும்.

பெருந்துறை அண்ணன் சொல்வது போலப் புரியும்தான். ஆனால் வடை என்றதும் எண்ணெய்ச் சட்டியும் பருப்பும்தான் நினைவுக்கு வரும். கோவைச் சமையல் வகுப்புக்கான இந்தக் குறிப்பில் பருப்பும் இல்லை, பொட்டுக்கடலை மாவும் இல்லை. கொத்துக்கறியை உப்புப் போட்டுப் பிசைவதில்தான் எல்லாம் இருக்கிறது. உப்பு கறியின் புரதத்தை இளக்கிப் பசையாக்கிவிடும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பிக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்தால் முட்டை, ரொட்டித்தூள் எதுவும் தேவையில்லை. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும்படி கொத்தித் தரச் சொல்லுங்கள். நம் பக்கத்து மேச்சேரி செம்மறி இதற்குத் தோதான கறி. வெங்காயத்தைத் துருவிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், ஈரம் நின்றால் கல்லில் உதிர்ந்துவிடும். சீரகம், மல்லி, துளி பட்டை, புதினா. சுண்டுவிரல் கனத்துக்குத் தட்டி, நடுவில் லேசாக ஒரு குழி அமுக்கி (இல்லையென்றால் வேகும்போது நடுப்பகுதி உப்பிக்கொள்ளும்), காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுவதுதான் முறை.

அதனால் 'கறி வில்லை' என்று முன்மொழிகிறேன். சந்தன வில்லை, ஓட்டு வில்லை என்று ஏற்கெனவே புழங்கும் சொல். 'கறி' என்றாலே நமக்கு ஆட்டுக்கறி, எனவே முன்னால் 'ஆட்டு' வேண்டாம். நீங்கள் சொன்ன 'கறியடை'யும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, ஆனால் அடை என்றால் மாவு. 'பேட்டி' மட்டும் கூடவே கூடாது, ஆட்டை உட்காரவைத்துக் கேள்வி கேட்டதாக ஆகிவிடும்!

கோஃப்தா (பிசைந்த கொத்துக்கறியைப் பிடித்துச் செய்வது) என்ற பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். இடிப்பது, அரைப்பது என்ற பொருளுள்ள பாரசீக வினையில் பிறந்து, துருக்கியில் கொஃப்தே, கிரேக்கத்தில் கெஃப்தேதெஸ், மொராக்கோவில் கெஃப்தா என்று ஊருக்கு ஊர் சுற்றிய பெயர் அது. உருண்டையாகவும் வரும், கம்பியில் பிடித்துச் சுட்டும் வரும். வில்லை அதன் ஒரு வடிவம், அவ்வளவே.

அப்புறம் வில்லையோடு தொட்டுக்கொள்ளும் சாஸ். வரைவில் அதை 'பாலேட்டுச் சாறு' என்று யாரோ எழுதியிருக்கிறீர்கள். அதில் பாலேடே கிடையாதுங்க. தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வடியவிடுகிறார்கள், குழைவு அதிலிருந்து வருவது. வெள்ளரியைத் துருவி உப்பிட்டுப் பிழிந்து, பூண்டு, ஆலிவ் எண்ணெய், புதினா அல்லது சதகுப்பைக் கீரை சேர்த்தால் கிரேக்கர்களின் ஜாஜிகி. நமக்கு இது வெள்ளரிப் பச்சடிதான், தயிர் மட்டும் கெட்டி. ஊறுகாய் மாதிரி வினைத்தொகையாக 'வடிதயிர்' என்று வைத்து, 'வடிதயிர்ப் பச்சடி' என்று போடலாம். தஹினி (அரைத்த எள்) ஊற்றும் வகைக்கு 'எள் விழுது' போதும். சிவகிரிப் பக்கம் எள் விற்கிறவர்களிடம் இதற்கு விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, வரைவில் ஆல்ஸ்பைஸை 'கலவை மசாலா' என்று மாற்றியிருக்கிறார்கள். அது கலவையே இல்லை. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்து மரம் ஒன்றின் உலர்ந்த காய். கிராம்பு, பட்டை, சாதிக்காய் மூன்றின் வாசமும் அதில் அடிக்கும். இப்படியே அச்சுக்குப் போனால் ஆளாளுக்குக் கரம் மசாலாவைத் தட்டிவிடுவார்கள். நல்ல சொல் கிடைக்கும்வரை ஆல்ஸ்பைஸ் என்றே இருக்கட்டும் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் எழுதுங்க.